அக்டோபர் ஸ்கோரை வைத்து ஜனவரி ஆட்டத்தை எடைபோட முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஜனவரி 1 அன்று கலிஃபோர்னியாவின் பாசடினா ரோஸ் பவுல் மைதானத்தில் ஓரிகன் பல்கலைக்கழகமும் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகமும் மோதவிருக்கும் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும், எறியும் ஆட்டம்) காலிறுதி பற்றித் தங்கள் நாளிதழில் ஒரு சின்னக் குறிப்பு பார்த்தேன். தமிழ்ப் பத்திரிகையில் இந்த விளையாட்டுக்கு நாலு வரி கிடைத்ததே சந்தோஷம்தான். ஆனால் அந்த நாலாவது வரிதான் உறுத்துகிறது. அக்டோபரில் ஒஹையோவைத் தோற்கடித்த ஓரிகன் இம்முறையும் எளிதில் வெல்லும் என்று முடித்திருக்கிறீர்கள். 32-31 என்று முடிந்த ஆட்டத்தை வைத்து அப்படி எப்படிச் சொல்ல முடிகிறது?

நான் குடியிருப்பது கொலம்பஸில். ஒஹையோ ஸ்டேட் இருக்கும் ஊர். அதனால் நான் எந்தக் கட்சி என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கட்சி வேறு, ஆட்டத்தைப் படிப்பது வேறு. என் மகன் இங்கே ஒரு உயர்நிலைப் பள்ளி அணியில் லைன்மேன், அதாவது முன்வரிசையில் முட்டி மோதும் ஆள். அந்த அணிக்கு வீடியோ எடுக்கும் பெற்றோர்களில் நானும் ஒருவன். டச் டவுன் எல்லைக்கு, அதாவது பந்தைக் கொண்டுசேர்த்தால் புள்ளி கிடைக்கும் கோட்டுக்கு, பின்னால் நீளமான கம்பத்தின் உச்சியில் கேமராவை ஏற்றிவிட்டு, கீழே நின்று சின்னத் திரையில் பார்த்துக்கொண்டே படம் பிடிப்பது என் வேலை. ஆட்டம் முடிந்ததும் வீடியோவைப் பயிற்சியாளருக்கு அனுப்ப வேண்டும். அடுத்த வாரம் மோதப்போகும் அணியும் தன் வீடியோவை எங்களுக்குக் கொடுக்கும். எதிரிக்கே நம் ஆட்டத்தைக் கொடுப்பதா என்று முதலில் எனக்கு விசித்திரமாக இருந்தது. இங்கே அதுதான் வழக்கம்.

அந்த வீடியோக்களைப் பையனோடு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்த பிறகுதான் தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது பாதி ஆட்டம்கூட இல்லை என்று புரிந்தது. தொலைக்காட்சி கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். ஒரு பக்கத்துக்கு 11 பேர், மொத்தம் 22 பேர். அதில் பின்னால் நிற்கும் காவல்காரர்கள் பெரும்பாலும் சட்டகத்துக்குள்ளேயே வருவதில்லை. பயிற்சியாளர்கள் பார்ப்பது 22 பேரும் தெரியும்படி உயரத்திலிருந்து எடுத்த படத்தையும், நான் எடுப்பது போன்ற நேர்ப்பின் படத்தையும்தான். "பந்தைப் பாக்காதீங்கப்பா, முன்வரிசையில இருக்கற கையைப் பாருங்க" என்பான் என் மகன். ஸ்னாப்புக்கு, அதாவது பந்து பின்னால் கைமாறி ஆட்டம் தொடங்குவதற்கு, முன் லைன்மேன் ஒரு கையைத் தரையில் ஊன்றி நிற்பான். உடம்புப் பாரம் முழுவதும் அந்தக் கையில் இறங்கி, விரல் முட்டிகள் வெளுத்திருந்தால், முன்னால் பாயப்போகிறான், பெரும்பாலும் ஓட்டம். கை சும்மா தொட்டுக்கொண்டு பாரம் குதிகாலில் இருந்தால் பின்வாங்கித் தடுக்கப்போகிறான்; பந்து காற்றில் போகும். எல்லோரும் இப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. காட்டிக்கொடுக்கிற ஒருவன் கிடைத்தால் போதும், அந்த வாரம் முழுக்க அதே பேச்சுதான்.

இந்தக் கண்ணோடு அக்டோபர் 12 ஆட்டத்துக்கு வாருங்கள். இடம் ஓரிகனின் சொந்த மைதானம், யூஜீன் நகரின் ஆட்ஸன் ஸ்டேடியம். கூட்டம் 60,129 பேர், அந்த மைதானத்தின் சாதனை. கடைசியில் ஓரிகன் ஒரு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பது) அடித்து 32-31 என்று முந்தியபோது 1 நிமிடம் 47 விநாடி மிச்சம். ஒஹையோ பந்தை எடுத்துக்கொண்டு முன்னேறியது. உதைக்கும் தூரத்தை நெருங்கும் நேரத்தில், முதலாண்டு மாணவர் ஜெரமையா ஸ்மித் தன்னைக் காவல் காத்தவரைத் தள்ளியதாகத் தண்டனை, பின்னடைவு. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 10 விநாடி இருக்கும்போது ஓரிகன் 11 பேருக்குப் பதில் 12 பேரை இறக்கியது. தண்டனை 5 யார்டு. ஆனால் அந்த ஒரு முயற்சியில் 4 விநாடி கரைந்துபோனது, அது திரும்பி வராது. மிச்சமிருந்த 6 விநாடியில் ஒஹையோவின் குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி எறிந்து தாக்குதலை நடத்துபவர்) வில் ஹவர்ட் தானே பந்தோடு ஓடிச் சறுக்கி உட்கார்ந்தார், நேரம் முடிந்துவிட்டது. வேண்டுமென்றே செய்ததுதான் என்று ஓரிகன் பயிற்சியாளர் டான் லேனிங் பின்னர் ஜாடையாக ஒப்புக்கொண்டார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. இனிமேல் கடைசி இரண்டு நிமிடத்தில் இப்படிச் செய்தால் கடிகாரத்தைத் திருப்பி வைக்கச் சொல்லலாம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், ஒரு புள்ளி வித்தியாசம் இந்த மாதிரி விஷயங்களால்தான் வந்தது. இவை எதுவும் ஜனவரியில் அப்படியே திரும்பாது. ஓரிகன் பக்கமும் அப்படித்தான். அவர்களுடைய ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) டிரேஷான் ஹோல்டன் எதிராளி மேல் துப்பியதால் பாதியிலேயே வெளியேற்றப்பட்டார். அதையும் கணக்கில் சேர்க்க முடியாது.

திரும்ப வரக்கூடியது எது? அன்று ஒஹையோவின் தற்காப்பு ஓரிகனின் குவார்ட்டர்பேக் டிலன் கேப்ரியலை ஒரு தடவைகூடப் பந்தோடு கீழே தள்ளவில்லை. சாக் பூஜ்யம். தொந்தரவில்லாமல் நின்று எறிந்தவர் 341 யார்டு எடுத்தார், காலாலும் 27 யார்டு ஓடி ஒரு டச் டவுன் போட்டார். எவான் ஸ்டூவர்ட் என்ற ரிசீவர் மட்டும் 149 யார்டு. அவரைக் காவல் காத்த டென்ஸல் பர்க்கைத்தான் அடுத்த நாள் இந்த ஊரே திட்டித் தீர்த்தது. ஒருவர் தோற்றது போலத் தெரிவதால் திட்டுவதும் எளிது. ஆனால் முன்வரிசை நெருக்காதபோது, குவார்ட்டர்பேக்குக்கு நாலு விநாடி கிடைத்தால், எந்தக் கார்னர்பேக்காலும் ரிசீவரோடு ஒட்டிக்கொண்டு ஓட முடியாது. பர்க் மீது விழுந்த பழியில் பாதி முன்வரிசைக்குப் போக வேண்டியது. தொலைக்காட்சியில் தெரிவது பர்க் மட்டும்தான்.

ஆக, உண்மையான கேள்வி ஸ்கோர் இல்லை. கேப்ரியலுக்கு அதே நாலு விநாடி மறுபடி கிடைக்குமா என்பது. அந்தத் தோல்விக்குப் பிறகு ஒஹையோவுக்கு ஒரு வாரம் ஓய்வு இருந்தது. தற்காப்பை நடத்தும் ஜிம் நோல்ஸ் தன் திட்டத்தை உட்கார்ந்து மாற்றினார். அதற்குப் பிறகு நடந்த ஏழு ஆட்டங்களில் எந்த அணியும் ஒஹையோவுக்கு எதிராக 17 புள்ளியைத் தாண்டவில்லை. நெப்ராஸ்கா 17, பென் ஸ்டேட் 13, பர்டியூ பூஜ்யம், நார்த்வெஸ்டர்ன் 7, இண்டியானா 15, மிச்சிகன் 13, டென்னசி 17. ஓரிகன் பயிற்சியாளர்கள் அக்டோபர் வீடியோவை மட்டும் போட்டுப் பார்த்தால் இப்போது இல்லாத ஒரு தற்காப்பைத்தான் பார்ப்பார்கள். அவர்கள் அவ்வளவு அப்பாவிகள் இல்லை என்பது வேறு விஷயம்.

ஒஹையோ பக்கத்திலும் ஒரு பெரிய மாற்றம். அது நல்ல மாற்றம் இல்லை. அதே யூஜீன் ஆட்டத்தில்தான் இடது டேக்கிள் ஜாஷ் சிம்மன்ஸுக்கு முழங்கால் போனது, அத்தோடு அவருடைய சீசனே முடிந்தது. வலக்கை குவார்ட்டர்பேக் எறியத் திரும்பும்போது முதுகுப் பக்கத்தைக் காப்பவன் இடது டேக்கிள். அந்த இடத்துக்குப் புதிதாக வந்தவரை வைத்து நெப்ராஸ்காவை 21-17 என்று தட்டுத்தடுமாறித்தான் ஜெயித்தார்கள். பிறகு உள்பக்கத்தில் கார்டாக ஆடிய டோனவன் ஜாக்சனை வெளியே நகர்த்தி டேக்கிள் ஆக்கினார்கள். நவம்பரில், முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் செத் மெக்லாக்லினுக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. இப்படி ஒட்டுப்போட்ட வேட்டிதான் இன்றைய ஒஹையோ முன்வரிசை. அக்டோபரில் ஹவர்ட் 35 முறை எறிந்து 28 முறை கொண்டு சேர்த்தார் என்று புள்ளிவிவரம் காட்டி யாராவது தைரியம் சொன்னால், அந்த ஆட்டத்தைத் தொடங்கியபோது முன்னால் நின்றவர்கள் யார் என்று கேளுங்கள். அன்று ஓரிகன் பக்கத்திலும் ஒரு முக்கியமான ஆள் இல்லை. விளிம்பிலிருந்து குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் ஜோர்டன் பர்ச் காயத்தால் ஆடவில்லை. நவம்பரில் திரும்பிவிட்டார். ஜனவரி 1 அன்று பர்ச் எதிரே நிற்கப்போவது வேறொரு இடத்திலிருந்து நகர்த்தப்பட்ட ஆள். இந்தச் சந்திப்பு அக்டோபர் வீடியோவில் ஒரு காட்சியில்கூட இல்லை!

சத்தத்தையும் மறந்துவிடக் கூடாது. சொந்த மைதானத்தில் 60,000 பேர் கத்தும்போது வந்த அணியின் லைன்மேனுக்குக் குவார்ட்டர்பேக்கின் குரல் கேட்காது. தலையசைப்பையோ, சென்டரின் அசைவையோ பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். எதிரில் நிற்பவன் பந்து அசைந்ததும் பாய்வான், இவன் அரை நொடி பின்தங்குவான். பாசடினாவில் கூட்டம் இரண்டாகப் பிரிந்திருக்கும். யூஜீனில் பார்த்த அரை நொடித் தாமதத்தை வைத்து ஒஹையோ லைன் மந்தம் என்று முடிவுகட்டினால் அது தப்பு.

பழைய கதைகளும் உண்டு. 2011 நவம்பர் 5 அன்று எல்.எஸ்.யு. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அலபாமாவை அதன் சொந்த ஊரிலேயே கூடுதல் நேரத்தில் 9-6 என்று வென்றது. அலபாமா அன்று நாலு ஃபீல்டு கோல்களைத் தவறவிட்டது. 2012 ஜனவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் அதே இரண்டு அணிகள் இறுதியில் மோதின. அலபாமா 21, எல்.எஸ்.யு. பூஜ்யம். மைதானத்தின் நடுக்கோட்டையே எல்.எஸ்.யு. ஒரே முறைதான் தாண்டியது. நவம்பர் ஸ்கோரைப் பார்த்தவர்கள் வென்றவர் யார் என்று மட்டும் பார்த்தார்கள். உதைப்பவரின் காலைத் தவிர அலபாமாவிடம் அன்று பெரிய குறை எதுவும் இல்லை என்பதைப் படம் பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள்.

எங்கள் ஊர்க் கதை 2014 செப்டம்பர் 6. வர்ஜீனியா டெக் கொலம்பஸுக்கே வந்து 35-21 என்று அடித்துவிட்டுப் போனது. சென்டருக்கும் இரண்டு கார்டுகளுக்கும் நேர் எதிரே ஆள் நிறுத்தி, பின்னாலிருந்தும் ஆள் அனுப்பி நெருக்கினார்கள். அப்போது குவார்ட்டர்பேக்காக ஆடிய ஜே.டி. பாரெட்டுக்கு அது இரண்டாவது கல்லூரி ஆட்டம். ஏழு முறை கீழே விழுந்தார். இதுதான் ஒஹையோவை மடக்கும் சூத்திரம் என்று எல்லோரும் எழுதினார்கள். சூத்திரம் கொடுத்த வர்ஜீனியா டெக் அடுத்த வாரமே ஈஸ்ட் கரோலைனாவிடம் தோற்றது. ஒஹையோவோ டிசம்பரில், காயங்களால் மூன்றாவது குவார்ட்டர்பேக் கார்டேல் ஜோன்ஸை இறக்கி, விஸ்கான்சினை 59-0 என்று நசுக்கியது. 2015 ஜனவரியில் பட்டமும் வாங்கியது. இறுதியில் எதிரே நின்றது ஓரிகன், ஸ்கோர் 42-20.

பழைய ஆட்டத்தில் எதுவுமே தேறாது என்று நான் சொல்லவில்லை. தேறும் இடம் முன்வரிசை. மிச்சிகனிடம் ஒஹையோ தொடர்ந்து நாலு வருடம் தோற்றிருக்கிறது: 42-27, 45-23, 30-24, 2024 நவம்பர் 30 அன்று 13-10. ஆட்கள் மாறினார்கள், மிச்சிகன் பயிற்சியாளரே மாறினார், ஆனால் தோற்ற விதம் அதிகம் மாறவில்லை. நடுவில் யார் யாரைத் தள்ளினார்கள் என்பதுதான் ஒவ்வொரு முறையும். கடைசி ஆட்டத்தில் மிச்சிகன் எறிந்து எடுத்தது வெறும் 62 யார்டு. அப்படியும் ஜெயித்தது. வெளியே ஜெரமையா ஸ்மித் போன்ற ஒருவரை வைத்துக்கொண்டு, மிச்சிகனின் கனமான நடுவரிசைக்குள்ளேயே மறுபடி மறுபடி ஓட்டத்தை அனுப்பிய பிடிவாதம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான். ஓரிகனின் ஆட்கள் படித்து வைத்துக்கொள்ள வேண்டிய வீடியோ அதுதான், அக்டோபர் அல்ல.

அதேபோல ஒஹையோ படிக்க வேண்டியது ஓரிகனின் நவம்பரும் டிசம்பரும். விஸ்கான்சினில் ஓரிகன் 16-13 என்றுதான் தப்பியது. டிசம்பர் 7 அன்று, இந்த அணிகள் ஆடும் பிக் டென் லீக்கின் இறுதியில் பென் ஸ்டேட்டை 45-37 என்று வென்றது உண்மை, ஆனால் அன்று பென் ஸ்டேட் ஓடியே 300 யார்டை நெருங்கியது. 13 ஆட்டம் ஆடி 13-லும் வென்ற அணி என்ற பட்டத்துக்குப் பின்னால் இப்படி ஒரு கிழிசல் இருக்கிறது. ஒஹையோவின் தாக்குதலை நடத்தும் சிப் கெல்லி இதைக் கவனிக்காமல் இருப்பாரா? 2009 முதல் 2012 வரை ஓரிகனுக்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் அவர்.

வீடியோ மட்டும்தான் இங்கே அனுமதி என்பதையும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். அதே சீசனில் மோதப்போகும் அணியின் ஆட்டத்துக்கு ஆள் அனுப்பி நேரில் வேவு பார்ப்பதை 1994 முதல் என்.சி.ஏ.ஏ. தடைசெய்திருக்கிறது. 2023-ல் மிச்சிகன் ஊழியர் ஒருவர் மற்ற அணிகளின் சைகைகளைப் படம்பிடிக்க ஆட்களை அனுப்பியதாக எழுந்த புகாரில், அப்போதைய பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவை பிக் டென் மூன்று ஆட்டங்களுக்குத் தள்ளிவைத்தது. 2024 முதல் ஒரு வீரரின் தலைக்கவசத்துக்குள், பயிற்சியாளர் பேசுவதைக் கேட்க வானொலி வந்துவிட்டது. ஒவ்வொரு முயற்சிக்கும் முன் ஓடும் கடிகாரத்தில் 15 விநாடி வந்ததும் தொடர்பு அறுந்துவிடும். பலகை காட்டிச் சைகை செய்வதும், அதைத் திருடுவதும் இதனால் வெகுவாகக் குறையும் என்று நினைக்கிறேன். மிச்சமிருப்பது உட்கார்ந்து படம் பார்ப்பதுதான், அதில் சோம்பேறிக்கு இடமில்லை.

சரி, யார் ஜெயிப்பார்கள்? ஓரிகன் தரவரிசையில் முதலிடம், ஆனால் பந்தயக்காரர்களின் கணக்கில் ஒஹையோ சற்று முன்னால் நிற்கிறது. நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன், ஊர்ப்பாசத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும். டிசம்பர் 21 அன்று குளிரில் டென்னசியை 42-17 என்று அடித்த ஆட்டத்தில் முதல் கால்பகுதியிலேயே 21-0. ஹவர்ட் முதலிலிருந்தே வெளியே எறிந்தார், நடுவில் முட்டிக்கொண்டு நிற்கவில்லை. ஒட்டுப்போட்ட லைனை வைத்துக்கொண்டு பந்தைச் சீக்கிரம் கைமாற்றிவிடுவதுதான் புத்தி என்று யாரோ ஒஹையோவின் தலைமைப் பயிற்சியாளர் ரையன் டேயின் காதில் போட்டிருக்க வேண்டும். ஓரிகனுக்கு டிசம்பர் 7-க்குப் பிறகு ஆட்டமே இல்லை. காயம் ஆற அது நல்லது, ஆட்டத்தின் வேகம் கையில் இருக்குமா என்பது சந்தேகம்.

மறு ஆட்டம் பற்றி எழுதும்போது பழைய ஸ்கோரோடு, அன்று ஆடி இன்று இல்லாதவர் யார், அன்று இல்லாமல் இன்று ஆடுபவர் யார் என்ற ஒரு வரியையும் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இடம் இல்லையென்றால் 'எளிதில் வெல்லும்' என்பதை எடுத்துவிட்டால் இடம் கிடைத்துவிடும். ஆட்டத்தைப் பார்க்க உட்காரும் வாசகர்கள் முதல் இரண்டு டிரைவ்களிலும் (பந்து கையில் கிடைத்து அணி முன்னேறும் சுற்றுகள்) பந்தை விட்டுவிட்டு ஒஹையோவின் இடது ஓரத்தைப் பாருங்கள். பர்ச் எதிரே நிற்கும்போது ஜாக்சனுக்குத் துணையாக இன்னொரு ஆளை நிறுத்துகிறார்களா, தனியாக விடுகிறார்களா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கொலம்பஸ், ஒஹையோ
27-12-2024